சோப்புக்கு உரை சொன்ன மாமா

திரைச்சீலைக் கடை நடத்திய பதினோரு வருடத்தில் மாமாவின் வாசலில் வரிசை என்று ஒன்று நின்றதே கிடையாது. ஈதான் வந்தது. அதுவும் ஒன்றும் வாங்காமல் போனது. இப்போதோ காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையில் வளைந்து பக்கத்து மருந்துக்கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மருந்துக்கடைக்காரர் முதல் வாரம் சண்டைக்குப் போனார். இரண்டாவது வாரம் அவர் கையிலும் ஒரு டோக்கன் இருந்தது.

உள்ளே ஒரு திரை. யாரும் சீந்தாமல் கிடந்த அரக்கு நிறத் திரைதான். நீங்கள் அதன்முன் நின்று உங்கள் குறையைச் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து "ஹுக், ஹுக், சோப்பு" என்று ஒரு குரல் வரும். அதற்கு அசரீரி என்று பெயர் வைத்தாயிற்று. திரைக்கு முன் நாற்காலியில் கண்ணை மூடியிருக்கும் மாமா, ஒரு கண்ணை மட்டும் திறந்து உங்கள் செருப்பைப் பார்ப்பார். செருப்பு எவ்வளவு புதிதோ அவ்வளவு நீளமாக அர்த்தம் வரும்.

எல்லாம் போன வருடம் ஒரு மோதிரத்தால் வந்த வினை. தொலைந்த மோதிரத்தைப் பற்றி ஒரு பெண்மணி கடையில் புலம்பிக்கொண்டிருந்தபோது, மூலையில் பாடப் புத்தகத்தோடு இருந்த மாமாவின் தங்கை மகள் "சோப்பு" என்று கத்திவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மோதிரம் சோப்புப் பெட்டியில் கிடந்ததாம். அந்தத் தங்கை மகள் அன்றைக்கு மட்டும் நாற்பது தடவை சோப்பு என்று கத்தியதையும், மற்ற முப்பத்தொன்பதுக்கும் எந்த மோதிரமும் அகப்படவில்லை என்பதையும் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாளே மாமா திரையைத் தொங்கவிட்டார்.

அந்தப் பெண்ணைப் பள்ளியில் பட்டாசு என்று கூப்பிடுவார்கள். எப்போது வெடிப்பாள் என்று தெரியாதாம். ஆறு வயதில் கண் சிமிட்டலில் தொடங்கியது. பிறகு தோள் வெட்டி இழுத்தது. ஒன்பது வயதில் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, பன்னிரண்டில் சோப்பு வந்து சேர்ந்தது. ஏன் சோப்பு என்று அவளுக்கே தெரியாது. தும்மல் மாதிரி மூக்குவரை வந்து நிற்கும். கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் அது நம்மை அடக்கிவிடும்.

பட்டாசுக்கு இப்போது பதினாறு. இந்த வருடம் பொதுத்தேர்வு. தலைமையாசிரியை நல்ல மனுஷி. டாக்டர் கடிதம் ஒன்று கொண்டுவந்தால் தனி அறையில் எழுத வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆனால் டாக்டர் என்ற சொல் காதில் விழுந்தாலே மாமா பதறிப்போவார்.

"டாக்டர் கை பட்டா வாக்கு போயிடும்மா. வாக்கோட பேச்சும் போயிடும். புள்ளை ஊமையாயிடுவா. அப்புறம் என்னைக் கேக்காதே."

சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டு மகளை வளர்த்த அம்மாவுக்குத் தன் அண்ணன் பேச்சு என்றால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் பட்டாசு திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மடியில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஊராரின் தலைவிதியை நிர்ணயித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் ஆழ்ந்துவிட்டால் அவளுக்குச் சத்தமே வராது. அசரீரி மௌனம் காக்கிறது என்று மாமா அதற்கும் அர்த்தம் சொல்லிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை சினிமாக்காரர்கள் வந்தார்கள். இப்படி ஒரு குரல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு நடிகையும் ஒலிப்பதிவுக்கார அக்காவும் நேரில் கேட்க வந்திருந்தார்கள். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். கேமராவே வரவில்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அக்கா ஹெட்போனும் மைக்குமாகத் திரைக்குப் பின்னால் போனாள். ஐந்து நிமிடம் காதுகொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"முதல்ல கண்ணு சிமிட்டல்தானே வந்துச்சு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க படமே அதுதான். இப்படி இருக்கிற ஒரு பொண்ணு வளர்ந்து பெரியவளாகிற கதை. மூணு மாசமா டாக்டருங்க கூடவும் உன்னை மாதிரிப் பசங்க கூடவும் உக்காந்து கேட்டிருக்கோம். இதுக்கு டூரெட்னு பேரு. நரம்பு சம்பந்தப்பட்டது. அறிவுக்கு ஒரு குறையும் வராது. டாக்டர் பாத்தா பேச்சும் போகாது."

"இதுக்குப் பேர் வேற இருக்கா?"

"பேர் மட்டுமா, பெரிய கூட்டமே இருக்கு. ஒரு பையனுக்கு நன்றி, நன்றின்னு வரும். அவனை மாதிரி மரியாதை தெரிஞ்ச புள்ளை கிடையாதுன்னு அக்கம்பக்கம் எல்லாம் பேசிக்குது."

பட்டாசுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பத்து வருடமாக உலகத்தில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். சந்தோஷத்தில் முக்காலி கவிழ்ந்தது. திரைக்கு வெளியே மாமா, "அசரீரி ஆனந்தத்தில் இருக்கிறது, இன்று கேட்பதெல்லாம் கிடைக்கும்" என்று அறிவித்தார். காணிக்கைப் பெட்டியில் நோட்டுகள் விழுந்தன.

"அக்கா, சத்தத்துக்கு அர்த்தம்னு ஒண்ணு இருந்தா, ஒரே சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தானே வரணும்?" என்றாள் பட்டாசு.

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்த சின்ன ஒலிபெருக்கியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் குறும்பு பிறந்தது.

அன்று சாயங்காலம் பட்டாசு அம்மாவிடம் சொன்னாள்: "நாளைக்கு நீயும் ஒரு டோக்கன் வாங்கும்மா. நான் பரீட்சை எழுதலாமான்னு எல்லார் முன்னாடியும் கேளு. மாமா சொல்றதை நீயே கேட்டு நீயே முடிவு பண்ணு. நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

புதன்கிழமை காலை முக்காலியின்மேல் பட்டாசுக்குப் பதிலாக ஒலிபெருக்கி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அக்கா. பட்டாசு பின்கதவு வழியாகச் சந்துக்குள் இறங்கி, கடையைச் சுற்றி வந்து, கூட்டத்தின் கடைசியில் நடிகைக்குப் பக்கத்தில் நின்றாள். அசரீரியின் முகத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. அதனால் ஒருவர், "இடிக்காம நில்லும்மா, வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று அவளை அதட்டினார்.

முதலில் ஒரு பஸ் டிரைவர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டலாமா என்று கேட்டார்.

"ஹுக், ஹுக், சோப்பு" என்றது திரை.

மாமா அவருடைய தேய்ந்த செருப்பைப் பார்த்தார். "சோப்புன்னா வழுக்கல். இருக்கிற இடத்தை விட்டுக் காலை எடுத்தா விழுந்துடுவீங்க. அடுத்து."

அடுத்து ஒரு தையற்கார அம்மா. கடையை இடம் மாற்றலாமா என்றார்.

"ஹுக், ஹுக், சோப்பு."

செருப்பு பளபளத்தது. மாமா இரண்டு கண்களையும் திறந்தார். "சோப்புன்னா அழுக்குப் போகும். பிடிச்ச பீடை எல்லாம் கழுவிட்டுப் போகப் போகுது. இன்னிக்கே மாத்துங்க. புதுக் கடைக்குத் திரைச்சீலை வேணும்னா அதையும் பேசிக்கலாம்."

டிரைவர் பாதி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். ஏதோ இடித்தது. ஆனால் அசரீரி விஷயத்தில் மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

மூன்றாவதாக அம்மா வந்து நின்றாள். மாமாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது.

"நீ எதுக்கும்மா வரிசையில? வீட்டிலேயே சொல்ல மாட்டேனா?"

"எல்லாரும் கேக்கிற மாதிரி நானும் கேக்கிறேண்ணா. என் பொண்ணு பரீட்சை எழுதலாமா?"

பட்டாசுக்கு உடம்பெல்லாம் துடித்தது. அரை மணி நேரமாக அடக்கிவைத்திருந்தாள். தோள் வெட்ட நினைத்தது, கண் சிமிட்டியது, தொண்டையில் ஹுக் ஏறி நின்றது. நடிகை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஹுக், ஹுக், சோப்பு" என்றது திரை.

மாமா நெஞ்சில் கை வைத்துக் கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டார். "கேட்டியாம்மா? பரீட்சை வேண்டாம்னு சொல்றா. டாக்டர் வேண்டாம்னு சொல்றா. இந்தத் திரையை விட்டு ஓரடி நகர மாட்டேன் மாமான்னு கெஞ்சுறா."

"ஹுக், ஹுக், சோப்பு!" என்று கூட்டத்தின் கடைசியிலிருந்து வந்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. அதட்டிய ஆள் தன் டோக்கனைக் கீழே போட்டுவிட்டார்.

"நகந்துட்டேன் மாமா. இங்கதான் நிக்கிறேன்" என்றாள் பட்டாசு.

அம்மா மகளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், போய்த் திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முக்காலியில் ஒலிபெருக்கி. பக்கத்தில் அக்கா கையசைத்தாள்.

"என் பொண்ணு அங்க நிக்கிறா. இங்க உங்ககிட்டக் கெஞ்சினது யாருண்ணா?"

மாமா லேசில் விடுகிற ஆளா? "வாக்கு பெட்டிக்குள்ள இறங்கிடுச்சும்மா. பெரிய பாக்கியம்" என்றார். இரண்டு பேர் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிடவே செய்தார்கள். அக்கா பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"காட்சி பதினேழு, டேக் மூணு" என்றது பெட்டி. "ஹுக், ஹுக், சோப்பு."

"அது என் குரல்" என்று நடிகை கையைத் தூக்கினாள். "நேத்து இந்தப் பொண்ணுகிட்டக் கத்துக்கிட்டேன். முதல் ரெண்டு டேக் சரியா வரலை."

கும்பிட்ட கைகள் மெல்ல இறங்கிப் பைக்குள் போயின. டிரைவர் தையற்கார அம்மாவிடம் திரும்பினார். "எனக்கு வழுக்கினது உங்களுக்கு மட்டும் எப்படிங்க வெளுத்துச்சு?" அந்த அம்மா தன் புதுச் செருப்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. செருப்பு காலிலிருந்து கைக்கு வருவதற்குள் மாமா திரைக்குப் பின்னால் பாய்ந்து பின்கதவைத் திறந்துகொண்டு சந்தில் பறந்தார். கூட்டத்தினர் காணிக்கைப் பெட்டியைக் கவிழ்த்து, அவரவர் போட்டதற்குக் கொஞ்சம் அதிகமாகவே அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "ஒரு வருஷம் உன்னை இருட்டுல உக்கார வச்சுட்டேனேடி" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரிடம், "நரம்பு டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டாள். அவர் டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு நேரமும் வழியும் சொன்னார்.

இருவரும் வாசல் தாண்டும்போது டிரைவர் பின்னாலேயே ஓடி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, அந்த ஆள் திருடன், சரி. ஆனா நீ நிஜம்தானே? நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன். நான் கார் வாங்கலாமா, கூடாதா?"

பட்டாசுக்குத் தோள் ஒரு முறை வெட்டி இழுத்தது. அது அடங்கும்வரை அவர் பயபக்தியோடு காத்திருந்தார்.

"என்னால இந்தச் சத்தத்தை நிறுத்த முடியாதுண்ணே" என்றாள் அவள். "நீங்க யோசிக்காம இருக்கீங்களே, அதை நிறுத்தலாமே."