ஒரு லோடு கிராவல்

லாரிக்காரன் கொட்டிவிட்டுப் போன கிராவல், சிங்காரவேலின் கண்ணெதிரிலேயே இளைத்துக்கொண்டிருந்தது.

காலையில் ஆள் உயரம் இருந்த குவியல், மத்தியானம் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் சரிதாவைப் பெண் பார்க்கக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிறார்கள். இப்போது குடியிருக்கும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே வரச்சொல்லியிருக்கலாம்; அங்கே வாசல்வரை தார் ரோடு. "சொந்த வூட்டுல வெச்சுப் பார்த்தாதான்டி கவுரவம்" என்று மனைவி சந்திராவிடம் வீறாப்பாகச் சொல்லி, ரிட்டயரானபின் குடிபோக வடக்குத்து கிராமத்தில் கட்டிய புது வீட்டுக்கு வரச்சொல்லிவிட்டார். சொன்ன மறுநாளே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெரு, நாற்று நடத் தயாரான வயல் மாதிரி ஆகிவிட்டது.

அதற்குத்தான் கிராவல். செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த அந்தச் சரக்கைப் பரப்பிவிட்டால் எந்தச் சேறும் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு சாபம் உண்டு. மணலை அள்ளினால் திருட்டு, செங்கல்லை எடுத்தால் சண்டை. கிராவலை மட்டும் யாரும் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை.

"அண்ணே, ரெண்டு சட்டி எடுத்துக்கறேங்க. கொழாயடி வழுக்குது" என்றாள் எதிர்வீட்டு அம்சவல்லி. கேட்கும்போதே சட்டி இடுப்பில் இருந்தது.

அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைக்கு அள்ளினார். மூலைவீட்டில் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்கு அள்ளினார்கள். கூடாது என்று சொல்லச் சிங்காரவேலுக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் நாலு பேரை விசாரிக்காமலா போவார்கள்?

குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தனியாக இருக்கிறாரே என்று பேச்சுத்துணைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

"இப்புடியே வுட்டா, நாற்காலிக்கு அடியில இருக்கறதையும் அள்ளிகினு போயிடுவாங்க" என்றாள் சந்திரா.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

"அம்சவல்லி! கிட்ட வராத! கிராவலுக்குள்ள பாம்பு பூந்துடுச்சு!"

வேலை செய்தது. அரை மணியில் தெருவே வெறிச்சோடியது. சிங்காரவேல் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் கிராவலைப் பரப்ப வந்த ஆட்கள் மண்வெட்டியைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை.

"பாம்பு இருக்குதாமே சார்? நாங்க புள்ளகுட்டிக்காரங்க."

"அது அப்பவே போயிடுச்சுப்பா."

"எங்க போச்சு?"

கேள்வியை எதிர்பார்க்காத சிங்காரவேல் வாயில் வந்ததைச் சொன்னார். "யாரோ அள்ளிகினு போன சட்டியோட போயிருக்கும்."

அவ்வளவுதான். கூலியாட்கள் டீ குடிக்கப் போன இடத்தில் சேதி பரவியது. அள்ளிப்போன கிராவலெல்லாம் சட்டி சட்டியாகத் திரும்பி வந்தது. பயத்தில் யாரும் அளவு பார்க்கவில்லை. வீட்டிலிருந்த பழைய மண், உடைந்த ஓடு எல்லாவற்றையும் சேர்த்து வாரி, தூரத்தில் நின்றே வீசிவிட்டு ஓடினார்கள். அந்தக் கலவரத்தில் ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். ஞாயிறு காலையில் சிங்காரவேல் கதவைத் திறந்தபோது கேட்டை மறைத்துக்கொண்டு ஒரு குன்று நின்றது.

"கவுரவம் வாசல்லியே நிக்குது, பாருங்க" என்றாள் சந்திரா.

அவர் மண்வெட்டியைத் தேடுவதற்குள் தெருமுனையில் வேன் சேற்றில் சிக்கி உறுமியது. மாப்பிள்ளையின் அப்பா குழந்தைவேல் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். மனைவியோடும் மகனோடும் வழுக்கி வழுக்கி நடந்து வந்து, குன்றின் மேல் ஒரு காலை வைத்தார்.

"ஐயோ, வெக்காதீங்க! பாம்பு இருக்குது!" என்று மாடியிலிருந்து அலறினாள் அம்சவல்லி.

குழந்தைவேல் துள்ளிக் குதித்து வேனைப் பார்த்துத் திரும்பினார். ஜன்னலுக்குப் பின்னால் பட்டுப்புடவையில் சரிதாவின் முகம் வாடியதைச் சிங்காரவேல் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை.

"பாம்புல்லாம் இல்லீங்க! கிராவலை அள்ளாம இருக்கணும்னு நான்தாங்க கெளப்பி வுட்டேன்!"

அம்சவல்லி இடுப்பில் கைவைத்து முறைத்தாள். அதைவிடக் குழந்தைவேலின் முகம்தான் பயங்கரமாக இருந்தது.

"நாங்க நகை கேக்கல, சீர் கேக்கல. பொய் பேசாத குடும்பமா இருந்தா போதும்னு வந்தோம். ரெண்டு சட்டி மண்ணுக்கே பாம்பைக் கெளப்பறீங்களே, நாளைக்குக் கல்யாணத்துல என்னத்தக் கெளப்புவீங்க? வா, போலாம்" என்றார் மனைவியிடம்.

அதுவரை வாயே திறக்காத அந்த அம்மாள் நகரவில்லை. கிராவல் குவியலின் மேல் நிதானமாக உட்கார்ந்து, செருப்பில் புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, போன ஆடியில நம்ம வூட்டு மணலுக்குள்ள நீங்க வுட்டீங்களே ஒரு நல்லபாம்பு, அது இந்தப் பாம்புக்கு அக்காவா, தங்கச்சியா?"