மூன்று மெஷினும் ஒரு இடுப்பும்

ஊழியர் நலனில் மிகுந்த அக்கறை கொண்ட ஓர் அலுவலகத்தில், ஒருநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. இடுப்பு நாற்பது அங்குலத்தைத் தாண்டினால் பதவி உயர்வு கிடையாது. பதிவறை மேலாளருக்கு இடுப்பு நாற்பத்து மூன்று. அளவெடுக்க இன்னும் மூன்றே மாதம். ஒன்பது வருஷமாக அவர் காத்துக் கிடந்த பதவி, மூன்று அங்குலத்தில் தொங்கியது.

"காலையில எழுந்து நடங்க, தானா குறையும்" என்றாள் மனைவி, திமிறும் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே.

"நடந்ததுக்கு என்ன ஆதாரம்? மெஷின்னா பில் இருக்கும்."

அலுவலகத்தில் யார் வீட்டைக் கேட்டாலும் அப்போது ஒரு மெஷின் இருந்தது. அதில் ஏறுகிறார்களா என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. அது மரியாதை.

சும்மா போய் வாங்கிவிட முடியுமா? ஒப்பிட வேண்டும். மூன்று விலைப்புள்ளி வேண்டும், குழு வேண்டும். குழுத் தலைவர் மேலாளர், உறுப்பினர் மனைவி. வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள் என்று மூன்று கடைக்காரர்களும் பெருந்தன்மை காட்ட, ஓடுகிற மெஷினும், நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளும், துடுப்பு வலிக்கிற மெஷினும் வந்து இறங்கின. வீட்டில் நடக்க இடமில்லை. குழந்தை மட்டும் அடியில் தவழ்ந்து போய்வந்தது.

மேலாளர் ஓடுகிற மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் கோப்போடு உட்கார்ந்தார்.

"ஏறுங்க" என்றாள் அவள்.

"நானா? பயன்படுத்தப் போறவனே சோதிச்சா ஒருதலைப்பட்சம் ஆயிடும். ஆபீஸுக்கு நாற்காலி வாங்கினப்ப, உட்காரப் போறவங்களைக் கிட்டவே விடலையே."

"அதனாலதான் எல்லாருக்கும் முதுகு வலியா?"

"அது வேற கோப்பு. நீ ஏறு."

அவள் கூந்தலை முடிந்துகொண்டு ஏறினாள். அரை மணி நேரம் ஓடினாள். 'உறுப்பினருக்கு வியர்த்தது. திருப்தி' என்று எழுதிய களைப்பில் தலைவர் நாலு பிஸ்கட் சாப்பிட்டார்.

மூன்று மெஷினையும் சோதித்து முடித்தபோது ஒரு குறை தெரிந்தது. முதல் மெஷினில் காலையில் ஏறினாள், மூன்றாவதில் மாலையில். காலை வேறு, மாலை வேறு. எனவே ஒப்பீடு செல்லாது. மறு ஒப்பீடு. அடுத்து, அவள் சாப்பிட்டுவிட்டு ஏறினாள் என்று இன்னொரு மறு ஒப்பீடு. கடைக்காரர்கள் ஃபோன் செய்தபோதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்றார் மேலாளர். அந்த வார்த்தையை எதிர்த்து உலகத்தில் யாரால் என்ன செய்ய முடியும்?

மூன்று மாதம் ஓடியது. அதாவது, அவள் ஓடினாள். அவளுடைய இடுப்பு முப்பத்தாறிலிருந்து முப்பத்திரண்டுக்கு இறங்கியது. மேலாளருடையது நாற்பத்தைந்து.

அளவெடுக்கும் நாளில் மருத்துவ அலுவலர் நாடாவைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். மேலாளர் பதறவில்லை. எண்பத்து நாலு பக்கக் கோப்பை மேசைமேல் வைத்தார்.

"எழுபத்தொண்ணாம் பக்கம் பாருங்க சார். நாலு அங்குலம் குறைஞ்சிருக்கு."

"இது யார் இடுப்பு?"

"வீட்டுக்காரியோடது. சொந்த இடுப்பாத்தான் இருக்கணும்னு சுற்றறிக்கையில எங்கயும் இல்லைங்களே."

மருத்துவ அலுவலர் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். உண்மைதான், இல்லை. அவருக்கும் அடுத்த மாதம் பதவி உயர்வு. அவருடைய இடுப்பு நாற்பத்து நாலு. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் வீட்டம்மாவுக்கு எந்த மெஷின் சரிப்படும்?"

ஒரே வாரத்தில் பதவி உயர்வோடு ஒரு புது உத்தரவும் வந்தது. மேலாளர் அதை வீட்டுக் கூடத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'துணைவியாரின் இடுப்பே இனி அலுவலரின் இடுப்பாகக் கருதப்படும். பதிவான அளவு எக்காரணம் கொண்டும் கூடலாகாது. கூடினால், பதவி அன்றே பறிக்கப்படும்.' ஊர்ப்பட்ட அதிகாரிங்க எல்லாம் இப்ப வீட்டுல நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க, தெரியுமா? எல்லாம் என் கோப்பாலதான்."

அவள் மெதுவாகச் சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டாள்.

"ஏங்க, ரெண்டு நாளா ஒரே குமட்டல். இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட போனேன். ரெண்டு மாசமாம்."

மேலாளர் உத்தரவைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

"குழுவுல வைக்காம இது எப்படி நடந்துச்சு?"

"வைக்காமலா? தலைவர் ஒப்புதலோடதான்" என்றாள் உறுப்பினர்.