சுவக்கின் மாஸ்டருக்கு இடுப்பு புடிச்ச கத

பரீட்ச முடியிற வரைக்கும் கட்டில விட்டு எறங்குறதில்லன்னு சுவக்கின் மாஸ்டர் வெள்ளிக்கெழம காலையில முடிவெடுத்தாரு. இடுப்பு புடிச்சிருச்சாம்! அவரப் புடிச்சது பயம். வாத்தியார் பரீட்ச மறுநாள் கண்டியில. போன வருசம் பெயில், அதுக்குப் பொறகு ராப்பகலாப் படிச்சும் பயம் போகல. இந்த வருசமும் பாஸாகாட்டி கம்பளை ஊருப் பள்ளிக்கூடத்து வேல போயிரும். போனா போகட்டும், நோயாளின்னா ஊரு பாவப்படும், பெயில்னா சிரிக்குமே!

சம்சாரம் பியட்றிஸ் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. பேசாம இருக்கிற ஆளா அவ? சந்தையில வாழக்கா விக்கிற கறுப்பையாவ அழ வெச்சவ. அவன் பொறகு வாழக்காயே வேணாம்னு பிலிமத்தலாவையில பலசரக்குக் கட போட்டு நல்லா வந்துட்டான், மகளுக்கு வூடுகூட... சரி, கட்டிலுக்கு வாங்க.

தைலத்தத் தேச்சி விட்டுட்டு, பக்கத்து வூட்டு மரியகொறற்றியக் கூப்பிட்டு ஜன்னலோரமா கதிரையப் போட்டா.

"கொறற்றி, அந்த மொதலாவது உலக யுத்தத்துல யப்பான்காரன் ஜெர்மன்காரனோட சேந்துதானே சண்ட புடிச்சான்?"

"ஆமாக்கா, அப்பிடித்தான்."

கட்டில் கிறீச்சுன்னுச்சு. "யப்பான் அப்ப நம்ம பக்கம்டி!"

"நீங்க படுங்க, இடுப்பு! கொறற்றி, ரயில் வந்த பொறகுதானே கண்டிக்கு ரோட்டே போட்டாங்க?"

"பின்ன? ரோடு எதுக்கு மொதல்ல?"

மாஸ்டர் எழும்பி ஒக்காந்துட்டாரு. வவுத்து வலியத் தாங்குவாரு, பிழையான விடையத் தாங்க மாட்டாரு. "ரோடுதான் முந்தி! ரயில் வர நாப்பது வருசம் ஆச்சு!"

"அப்பிடியா? மனசப் பத்தின படிப்புல சொல்றாங்களே, பயந்தா நெஞ்சு மெதுவா அடிக்குமாம்?"

"மெதுவாவா? படபடன்னு அடிக்கும்! இந்தா, என் நெஞ்சத் தொட்டுப் பாரு!"

ஒரே குதி! வெண்கட்டிய எடுத்து அலுமாரிக் கதவுல படம் கீறி, பொழுது சாயிற வரைக்கும் மூணு பாடத்தையும் வெளுத்துக் கட்டினாரு.

"இடுப்பு எங்கங்க?"ன்னா பியட்றிஸ்.

அப்பதான் இடுப்பத் தேடிப் புடிச்சாரு. பிந்திட்டாரு. விடிஞ்சதும் ரயில்ல ஏத்திட்டா.

சாயங்காலம் கம்பளை ஸ்டேசன்ல எறங்கினவரு முகத்துல பல்லத் தவிர வேற ஒண்ணுமில்ல.

"மாதா காப்பாத்திட்டா பியட்றிஸ்! அத்தனயும் போன வருசக் கேள்வி, அத்தனைக்கும் சரியா எழுதிட்டேன்!" நெஞ்சு நெறய மூச்சு விட்டாரு. "ஆனா ஒண்ணு. இம்புட்டுப் பிழையையும் நீங்க ரெண்டு பேரும் எப்பிடித்தான் யோசிச்சீங்க?"

"நாங்க எங்க யோசிச்சோம்? போன வருசம் பரீட்ச எழுதிட்டு வந்து, 'இப்பிடித்தான் எழுதினேன்'னு நீங்க பெருமையாச் சொன்னதுதானே!"