முயலுக்கு வேண்டிய இருட்டு

“குழந்தைங்க நிகழ்ச்சிக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வந்தா நாங்க எப்படிம்மா நிகழ்ச்சி நடத்துறது?”

அரங்க மேலாளர் வாசல் கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். கேட்ட விதத்தில், தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று மிளகின் அம்மாவுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் குரலை உயர்த்தினால் நமக்கெல்லாம் வருகிற வியாதி அது.

“சார், வாசல்ல இவ்வளவு பெரிய முயல் படம் போட்டு, ‘சிறுவர் நாடகம்’னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க?”

“இல்லைன்னு சொன்னேனா? சிறுவர் நாடகம்தான். ஆனா சிறுவர்கள் பேசுவாங்க, எழுந்து நிப்பாங்க, ஒண்ணுக்கு வருதும்பாங்க. எங்க துறை இயக்குநர் அய்யா தலைமை தாங்குற நிகழ்ச்சி. ஒழுங்கு முக்கியம்மா.”

“இவ பேச மாட்டா சார்.”

“நான் பேசுவேன்,” என்றாள் மிளகு.

நாலு வயது. ஆளுக்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லாததால் வீட்டில் வைத்த பெயர் அது. மேலாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கடைசி வரிசை,” என்று கதவை விட்டார். முன்வரிசைகள் குழந்தைகள் நலனில் அக்கறை கொண்ட பெரியவர்களுக்காம். அவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

அம்மா சண்டை போட்டு உள்ளே வந்ததற்குக் காரணங்கள் உண்டு. பாலர் பள்ளித் தாய்மார்களிடையே குழந்தைகளைப் போன் திரையிலிருந்து மீட்பதுதான் இப்போதைய மோஸ்தர். அதற்கு முன்னால் நீச்சல். அதற்கும் முன்னால் அபாகஸ் மணிச்சட்டம். இப்போது நேரடி நிகழ்ச்சி. பிள்ளைகளைத் திரையிலிருந்து மீட்டாயிற்று என்ற செய்தியைத் தாய்மார்கள் தங்கள் போன் குழுவில் படத்தோடு போட்டாக வேண்டும். இவளும் வாசலில் முயல் படத்தருகே மிளகை நிறுத்திப் படம் எடுத்து, ‘எங்கள் முதல் நேரடி நிகழ்ச்சி! குழந்தை மெய்ம்மறந்து ரசித்தாள்!’ என்று அனுப்பிவிட்டுத்தான் மேலாளரிடம் மாட்டினாள்.

இன்னொரு காரணம்தான் உண்மையானது. மிளகுக்கு இருட்டென்றால் உயிர் போய்விடும். குளியலறை விளக்கு எரிந்தால்தான் தூங்குவாள். நாடகம் என்றால் இருட்டுமே! அதனால் ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. அம்மா அறை விளக்கை அணைப்பாள். மிளகு பல்லைக் கடித்துக்கொண்டு, “முயலே, வா!” என்பாள். விளக்கைப் போட்டால் அம்மா தலைமேல் இரண்டு விரல் காது. முதல் நாள் அலறல், பிறகு விசும்பல், நேற்று அதுவும் இல்லை. “பாத்தியா? இருட்டானாத்தான் முயல் வரும். அம்மா சொன்னா சொன்னதுதான்,” என்று சத்தியம் செய்திருந்தாள். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் பெண் வந்திருக்கிறது.

“அம்மா, எப்போ இருட்டாகும்?”

“இதோ.”

ஆகவில்லை. முதலில் பெரியவர்கள் வந்தார்கள். இயக்குநர் மேடையேறினார். அரங்கம் நிமிர்ந்தது, அத்தனை பெற்றோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். திரையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகள், முன்னால் இருந்தவர்களின் திரைகளில் மேடையைக் கண்டுகளித்தார்கள்.

“இன்றைய குழந்தைகளே நாளைய பெரியவர்கள் என்பதை நமது துறை ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் கண்டறிந்துள்ளது,” என்று தொடங்கினார் இயக்குநர்.

“இவர்தான் முயலா?”

“இல்லடி. இவர் இயக்குநர்.”

“அப்போ நரியா?”

“அப்படித்தான் வெச்சுக்கோயேன். வாயை மூடு.”

அந்த எரிச்சலில்தான் எல்லாம் கெட்டது. மிளகு பக்கத்து நாற்காலிக் குழந்தையிடம் விஷயத்தைச் சொன்னாள். அது அடுத்ததிடம் சொன்னது. இயக்குநர் கையை உயர்த்தியபோதெல்லாம் கடைசி வரிசைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“என் கருத்துகளைக் குழந்தைகள் எவ்வளவு அழகாக உள்வாங்குகிறார்கள்! ஆகவே, சுருக்கலாம் என்றிருந்த இரண்டாம் பகுதியை முழுமையாகவே வழங்குகிறேன்.”

மேடையோரத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் காது நீண்டது. மேலாளரின் கை அதைப் பிடித்து உள்ளே தள்ளியது.

“காது! அம்மா, காது பாத்தேன்!”

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஓரமாகப் போய் மேலாளரைப் பிடித்தாள். “சார், விளக்கை அணைச்சு நாடகத்தை ஆரம்பிங்களேன். பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு.”

“அய்யா மேடையில இருக்கும்போது விளக்கை அணைக்க முடியாதும்மா. மரியாதை இல்லை.”

“அப்போ அவரை இறங்கச் சொல்லுங்க.”

“விளக்கு எரியுதுன்னா விழா நடக்குதுன்னு அர்த்தம். விழா நடக்கும்போது தலைவர் எப்படி இறங்குவார்? விதி அப்படி.”

“அப்போ யார்தான் முதல்ல அசையணும்?”

“அதுக்கு மேலிடத்துல விளக்கம் கேட்டிருக்கோம்,” என்றார் மேலாளர், பெருமையாக.

அம்மா திரும்பி வந்து யோசித்தாள். கைதட்டினால் முடிந்ததென்று இறங்கிவிடுவார் அல்லவா? பலமாகத் தட்டினாள். அதே யோசனை அரங்கம் முழுக்க முன்பே இருந்திருக்கும் போலிருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கூரை அதிரத் தட்டினார்கள். இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“இவ்வளவு அன்பை எதிர்பார்க்கவில்லை. உங்கள் விருப்பப்படியே, மூன்றாம் பகுதி!”

அந்த மூன்றாம் பகுதி, குழந்தைகளைக் காக்க வைக்காதிருத்தல் பற்றியது.

அதன் நடுவில்தான் பட்டென்று எல்லா விளக்குகளும் அணைந்தன. அரங்கத்துக்குக் குறித்த நேரம் முடிந்ததும் விளக்குக்காரர் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கும் ஒரு விதி உண்டு. “யாரய்யா அங்கே?” என்று இயக்குநரின் குரல் மைக் இல்லாமல் மெலிந்து ஒலித்தது. பின்வாசல் பக்கம் ஒரு வேன் உறுமிப் புறப்பட்டது. நாடகக் குழுவின் வேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

உடனே பெண்ணைத் துழாவினாள், அலறப் போகிறாளே என்று. மிளகு அலறவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, “முயலே, வா!” என்றாள்.

அம்மாவின் கையிலிருந்த போன் பளிச்சென்று ஒளிர்ந்தது. தாய்மார் குழுவிலிருந்து இதயங்கள் கொட்டின. ‘கொடுத்து வைத்த குழந்தை!’ ‘நாங்களும் இங்கேதான்! பிரமாதம் இல்ல?’ முன்வரிசையில் ஒரு போன் விளக்கு எரிந்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு அரங்கம் முழுக்க. ஆளாளுக்குத் தங்கள் செருப்பையும் பையையும் வெளியேறும் வழியையும் தேடினார்கள். சிலர் அந்த அழகையும் படம் எடுத்தார்கள்.

மிளகு அம்மாவின் போனைத் தன் சின்னக் கையால் பொத்தினாள். பிறகு அரங்கத்தைப் பார்த்து, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினாள்:

“எல்லாரும் வெளிச்சத்தை அணைங்க! நான் அழல. நீங்க அணைச்சாத்தான் முயல் வரும்!”