ஏணிக்கு மேலே ஒரு காவல்காரர்

"உந்த இரும்பு ஏணி நல்ல செங்குத்தோ தம்பி?" என்று வீட்டுக்கு வந்திருந்த குலசேகரம் அண்ணை கேட்டதும், அம்பலவாணன் இன்னொரு வடையை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

லண்டன் செவன் கிங்ஸில் அம்பலவாணன் வீட்டு டிவியில், அமெரிக்கப் பயணத்தில் எடுத்த படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அரிசோனாவில், நவஹோப் பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள மணற்பாறைப் பிளவு. காற்றில் படபடத்த செம்மஞ்சள் சேலை அப்படியே கல்லாகிவிட்டது போல வளைந்து வளைந்து போனது. பார்க்கப் பார்க்க அம்பலவாணனுக்கே ஆசையாக இருந்தது. ஏனென்றால் அவரும் அதை டிவியில்தான் பார்த்திருந்தார்.

அங்கே போனது என்னவோ உண்மை. மருமகள் தக்ஷிகாதான் காரில் கூட்டிப் போனாள். ஆனால் எங்கள் ஆட்கள் கட்டுச்சாப்பாடு இல்லாமல் எங்கே போயிருக்கிறார்கள்? மனைவி யோகமலர் ஒரு பை நிறைய மீன் கட்லெட் பொதிகளோடு வந்திருந்தாள். பையோடு யாரும் பிளவுக்குள் இறங்கக் கூடாது என்று வழிகாட்டியான நவஹோப் பெண் சொல்லிவிட்டாள். ஏணியை எட்டிப் பார்த்து இரண்டடி பின்வாங்கியிருந்த அம்பலவாணனுக்கு அது தெய்வவாக்காகக் கேட்டது.

"நீங்கள் போங்கோ. நான் பையைப் பாக்கிறன்."

காருக்குள் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டவர் குறட்டை விட்டுக் காவல் காத்தார். விழித்தபோது ஒரு பொதியைக் காணவில்லை. பழியைக் காகத்தின் மேல் போட்டார்.

லண்டனுக்குத் திரும்பியதும், "நானும் இறங்கினனான்" என்று ஒரு பொய் வாயில் வந்துவிட்டது. அன்று பிடித்தது சனி. அவர் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் யோகமலர், "சொல்லட்டே?" என்று புருவத்தை உயர்த்துவாள். உடனே அம்பலவாணன் தூசி உறிஞ்சும் ஹூவரைத் தூக்குவார். கோப்பை கழுவல், குளியலறை துடைப்பு, அவளுக்கு விடியற்காலைத் தேத்தண்ணி எல்லாம் இப்போது அவர் பொறுப்பு.

"செங்குத்துத்தான் அண்ணை. நான் பின்பக்கமாத்தான் இறங்கினனான்" என்றார்.

"படத்திலை உம்மைக் காணேல்லையே?"

"எடுத்ததே நான்தானே!"

யோகமலர் இருமினாள். இன்றைக்கு மீன் சட்டி கழுவுவதும் தன் தலையில்தான் என்று அம்பலவாணனுக்கு விளங்கிவிட்டது.

குலசேகரம் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப சரி. எங்கட பழைய மாணவர் சங்கத்தின்ரை அடுத்த சுற்றுலா அங்கதான். தலைமை நீர்."

அம்பலவாணன் அவசரமாகக் கையை ஆட்டினார். "ஐயோ, அங்கை வெயில் தாங்கேலாது அண்ணை."

"ஒக்டோபரிலை போவம்."

"வயசான ஆக்களுக்கு ஏணி கஷ்டம்."

"அதுக்குத்தானே நீர்! ஒவ்வொருத்தராக் கையைப் பிடிச்சு இறக்கும்." சொல்லிக்கொண்டே சங்கத்தின் வட்ஸ்அப்பில் செய்தியையும் போட்டுவிட்டார். சம்மதம் சொல்லும் கட்டைவிரல் குறிகள் வந்து குவியத் தொடங்கின.

அம்பலவாணன் கடைசி அம்பை எடுத்தார். "டிக்கெட் எடுக்கிறது சரியான கஷ்டம்."

"உம்மடை மருமகள் அங்கைதானே இருக்கிறா? இப்பவே கேப்பம்."

யோகமலரின் முகம் கறுத்தது. "இப்ப வேண்டாம் அண்ணை, அவள் வேலையா இருப்பாள்" என்று டிவிப் படங்களை நிறுத்த ரிமோட்டைத் தேடினாள். அதற்குள் குலசேகரம் அண்ணை அம்பலவாணனின் போனை எடுத்து அழைத்துவிட்டார். திரையில் தக்ஷிகா சிரித்தாள்.

"பிள்ளை, மாமாதான் எங்கள் எல்லாரையும் ஏணியாலை இறக்கப்போறார்!"

"மாமாவோ?"

அந்த ஒற்றைச் சொல்லில் அம்பலவாணன் உடைந்துபோனார். வயது போனவர்களை நடு ஏணியில் தொங்கவிட்டுத் தானும் தொங்குவது கண்முன்னே வந்தது. மானம் போனால் போகட்டும், உயிர்கள் தப்பட்டும்.

"அண்ணை, நான் இறங்கேல்லை. பயம். காருக்குள்ளை இருந்து கட்லெட்டுக்குக் காவல் காத்தனான்."

சொன்னதும் நெஞ்சு லேசானது. இனி ஹூவருக்கும் விடுதலை.

குலசேகரம் அண்ணை தலையில் கை வைத்தார். "அப்ப உந்தப் படங்கள்?"

"எல்லாம் இவ எடுத்தது. வீட்டிலை துணிஞ்ச ஆள் இவதான்" என்று அம்பலவாணன் மனைவியைப் பெருமையோடு காட்டினார். யோகமலர் சமையலறைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தாள்.

தக்ஷிகா வாய்விட்டுச் சிரித்தாள்.

"மாமியோ? அவ ஏணியைக் கண்ட உடனை போனை வழிகாட்டி அக்காட்டைக் குடுத்திட்டு, நான் ஏறி வருமட்டும் கார் நிழலிலை இருந்து கட்லெட் சாப்பிட்டவா!"