பவுடரும் என் மொட்டைத் தலையும்

பளபளப்பையே ஜென்மப் பகையாக நினைத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பவுடர்தான். ஊரே தேய்த்துத் தேய்த்து மினுக்கும் பித்தளையை அவர் முகப்பவுடர் தூவி மங்க வைப்பார். கார்வேட்டிநகரத்துக்காரர். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை.

மலையடிவாரத்தில், அலிபிரி பக்கம் ஒரு மாடியில் அவரும் நானும் வேலை பார்த்த ஆபீஸ். பாத்திரத்தை நடுவில் வைத்து, சுற்றிச் சுற்றி இருநூறு போட்டோ எடுக்க வேண்டும். அவற்றைச் சேர்த்து கம்ப்யூட்டர் முப்பரிமாண உருவம் செய்யும். ஆனால் பளபளக்கும் பாத்திரம் தன்னைக் காட்டாது, எடுக்கிறவனைத்தான் காட்டும். நான் எடுத்த முதல் செம்புக்கு என் மூக்கு முளைத்திருந்தது.

திருத்தணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, இருநூறு தடவை குனிந்து நிமிர்ந்து, திரும்பிப் போய்ப் படுத்தால் கனவிலும் குடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பேன். அலுத்துப்போன வேலை. அதுவும் நிரந்தரமில்லை. மூன்று உருவங்களைக் கெடுத்திருந்தேன். நாலாவதும் கெட்டால் வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை நிலைத்தால் முடி தருவதாக வேண்டிக்கொண்டேன். பொறுமை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே மலையேறி முன்கூட்டியே கொடுத்தும் விட்டேன்.

திங்கட்கிழமை வந்தது ஒரு கோயில் கலசம். கொடியும் பூவும் செதுக்கிய பித்தளை. கொண்டுவந்தவர், "பவுடர் கிவுடர் படக் கூடாது, அபிஷேகத்துக்குப் போறது. மூணு மணிக்கு வந்து எடுத்துக்கினு போய்டுவேன்" என்றார்.

பவுடருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சுற்றிலும் கறுப்புத் திரை கட்டினார். நாங்கள் இருவரும் கறுப்புச் சட்டையில்தான் இருந்தோம். கேமராவில் பார்த்தார். கலசத்தின் வயிற்றில் ஒரு பௌர்ணமி.

"இன்னாபா இது?"

"என் தலைண்ணா."

"வேல போவக் கூடாதுன்னு மொட்ட அடிச்சுக்கினே. இப்போ அந்த மொட்டதான் வேலைக்கு ஒல வெக்குது. சரே, குனி."

என் தலையில் அரை டப்பா பவுடரைக் கொட்டினார். பௌர்ணமி இன்னும் வெளுத்தது. அவர் தன் சட்டையைக் கழற்றி என் தலையில் முண்டாசாகக் கட்டினார். உள்ளே வெள்ளைப் பனியன்.

"நான் நின்னா நானும் அதுல உழுவேன். நீ எடு" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் படியேறி வந்தார். "ஏமய்யா, ஆபீஸ்ல பனியனோட இன்னா கோலம் இது?"

"புழுக்கம் சார். காத்து வாங்கிக்கினு இருக்கேன்."

பத்து நிமிடம் எல்லோர் எதிரிலும் திட்டு விழுந்தது. எனக்கு எல்லாம் கேட்டது. வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். நூற்றெண்பதாவது படத்தில் இருந்தேன், அடுத்ததற்குக் குனிந்தேன்.

கலசம் கலசமாகவே வந்தது. வேலை நிரந்தரமானது. "என் தலைக்காகன்னு சொல்லியிருக்கலாமேண்ணா" என்றேன் வெட்கத்தோடு.

"சொன்னா அவரு உள்ள வந்து பாப்பாரு. வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்தாரு பா."

அந்தக் கறுப்புச் சட்டையை மறுநாளே துவைத்துக் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.