அத்தைக்கு இருட்டென்றால் பயம்

"ஜெனரேட்டரும் வேண்டாம், கினரேட்டரும் வேண்டாம்!"

"கத்தாதீங்க அத்தை. உங்களுக்காகத்தான் வைக்கிறேன்."

"எனக்கு இருட்டுன்னா பயமே கிடையாது மாப்பிள்ளை."

"இருக்கு! உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்!"

மாமியாரும் மருமகனும் சண்டை போட்டால் எந்தத் தெருதான் காதைத் தீட்டிக்கொள்ளாது? நடுவில் நின்ற மகள், நர்ஸ் உடுப்புக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "நான் வீட்ல இருக்கிற நாள்ல ஒரு தடவையாவது கரெண்ட் போயிருக்கா? என்னமோ போங்க" என்று மாலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்த மருமகனுக்கு ஆபீசில் சிங்கம் என்று பெயர். அவர் தொண்டையைச் செருமினால் டைப் அடிக்கிற சத்தம்கூட நின்றுவிடுமாம். அந்தச் சிங்கத்துக்கு இருட்டென்றால் குலை நடுங்கும். விஷயம் ஆபீசுக்குத் தெரிந்தால் அப்புறம் செருமி என்ன, இருமி என்ன? அதனால் வீட்டில் இருட்டுக்குப் பயப்படும் பொறுப்பு மாமியார் தலையில் விழுந்தது.

மனைவி வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் பட்டென்று விளக்கு அணையும். "அத்தை! பயப்படாதீங்க! நான் வந்துட்டேன்!" என்று அலறிக்கொண்டு சிங்கம் தன் அறையிலிருந்து பாய்ந்து வரும். முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் சாத்தித் திரையை இழுத்துவிடும், வெளியிருட்டு உள்ளே வந்துவிடும் என்பதுபோல. பிறகு சோபாவில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்.

வாய் மட்டும் ஓயாது. ஓய்ந்தால் வேறு ஏதாவது சத்தம் கேட்டுத் தொலைக்குமே! ஆபீஸ் கதை, பெஞ்சுமேல் நின்ற கதை, நாய் துரத்திச் சாக்கடையில் விழுந்த கதை. அத்தை விழுந்து விழுந்து சிரிப்பார். செல்போன் வெளிச்சத்தைப் போடப்போனால், "கண்ணு கூசுது மாப்பிள்ளை, அணைச்சிடுங்க" என்பார். அவருக்குத் தூக்கம் வந்து, பிடித்த கையோடு சிங்கத்தையும் இழுத்துக்கொண்டு தன் அறைவாசலுக்குப் போகிற நேரத்துக்குத்தான் கரெண்டும் வரும். வந்ததும் கதை பாதியில் நிற்கும். சிங்கம் கையை உதறிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். பிறகு மறுநாள் இருட்டும்வரை அந்த வீட்டில் பேச்சுமூச்சே இருக்காது.

ஜெனரேட்டர்காரர் வந்தார். கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

"என் ரூம் ஜன்னலுக்குக் கீழ வைங்க" என்றது சிங்கம்.

"தாராளமா வைக்கலாம் சார். புகை உள்ள வரும். வாசனையே தெரியாது. தூங்கினவங்க தூங்கினபடியே இருப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார், அவ்வளவுதான். முகம் மட்டும் நல்லா செக்கச்செவேல்னு களையா இருக்கும்."

சிங்கம் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது. "பின்னால, சமையலறைச் சுவரோரம்?"

"கேஸ் சிலிண்டர் பக்கத்துலயா? வைக்கலாமே. வெடிச்சா ஒரே வெடி. இழுபறியே இருக்காது."

கடைசியில் தோட்டத்துக் கோடியில் மதிலோரம் இடம் முடிவாயிற்று. முடிவான பிறகுதான் சிங்கத்துக்கு உறைத்தது, அந்த வீட்டிலேயே இருட்டு அதிகமான இடம் அதுதான் என்று.

"இதை... யாரு போய் ஸ்டார்ட் பண்றது?"

"நீங்கதான் சார்."

"ஐயையோ, அத்தை தனியா பயந்துடுவாங்களே!"

"அப்ப ஆட்டோமேட்டிக் பெட்டி போட்டுடலாம் சார். கரெண்ட் போனா தானா எழுந்திரிக்கும்."

வாசலில் மீட்டர் பக்கத்தில் பெட்டி மாட்டி, தெருவிலிருந்து வரும் லைனை நிறுத்திச் சோதித்தார். இயந்திரம் உறுமிய உறுமலில் சிங்கம் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் விளக்கு எரிந்தது.

அன்று மாலையே வீடு இருண்டது. சிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உறுமலுக்காகக் காத்திருந்தது. தோட்டத்தில் பூச்சிச் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் ஜெனரேட்டர்காரர் பெட்டியைத் திறந்து மூடினார். "மெஷின்ல கோளாறே இல்ல. கரெண்ட் போகலன்னு சொல்லுது."

"வீடே இருட்டா கிடந்துச்சுய்யா!"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இந்த வீட்ல இதுக்கு முன்னாடி யாராவது..."

"யாராவது?"

"ஒண்ணுமில்ல சார், விடுங்க. வேற ஒரு வீட்லயும் இப்படித்தான். நல்ல மனுஷங்க. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

அன்றும் விளக்கு அணைந்ததும் சிங்கம் அத்தையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. நாக்கு ஒட்டிக்கொண்டு கதை வரவில்லை. "நீங்க ஏதாவது சொல்லுங்க அத்தை" என்று கெஞ்சியது. அத்தை சொன்னார். பெண் பார்க்க வந்தவரை வாத்தியார் என்று நினைத்து வீட்டுப்பாடத்தைக் காட்டியது, மாமா கோபித்துக்கொண்டு கிளம்பிப் பஸ் இல்லாமல் திரும்பி வந்தது. அத்தைக்கு இவ்வளவு பேச வருமா என்று சிங்கத்துக்கே ஆச்சரியம். ஆனாலும் ஆச்சரியத்தைவிட நடுக்கம்தான் அதிகம். விடிந்ததும் ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டது.

அவர் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தார். அத்தையின் அறைக்கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சைத் தாண்டி, வீட்டு விளக்குகள் பக்கமாக மாட்டினார். "இனிமே எதனால இருட்டானாலும் எழுந்திரிக்கும் சார். பேயே ஊதி அணைச்சாலும் சரி."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று விளக்கு அணைந்தது. "அத்தை! பயப்..." என்று சிங்கம் பாதி ஹாலுக்கு வருவதற்குள் தோட்டத்தில் உறுமல், வீடெங்கும் வெளிச்சம்.

"பார்த்தீங்களா அத்தை? இனிமே உங்களுக்குப் பயமே வேண்டாம்!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அத்தை சோபாவில் ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் இதே கதை. அதற்கடுத்த நாள் அத்தை தன் துணிப்பெட்டியைக் கட்டிவிட்டார்.

"சின்னவ வீட்ல இருந்துக்கிறேன் மாப்பிள்ளை."

"சின்ன மாப்பிள்ளை வாயையே திறக்க மாட்டாரே அத்தை. எந்நேரமும் காதுல ஹெட்போன்."

"பரவாயில்ல. பழக்கிக்கலாம்."

அவர் போனதிலிருந்து அந்த வீட்டில் கரெண்ட் போகவே இல்லை. ஜெனரேட்டர்மேல் இப்போது பூனை படுத்துத் தூங்குகிறது. ஜெனரேட்டர்காரருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பெண்ணுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலையாம், பொருத்தம் பிரமாதம்.

போன வாரம் சிங்கத்துக்கு ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் தெரு என்ன செய்யும், கேட்கத்தானே செய்யும்? சின்ன மாப்பிள்ளையின் குரல். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"சகலை, அந்த ஜெனரேட்டர்காரர் நம்பர் வேணுமே! அத்தை வந்ததிலேர்ந்து சாயங்காலமானா கரெண்ட் போயிடுது. ஜன்னலைத் திறந்து பார்த்தா தெரு பூரா லைட் எரியுது, எங்க வீடு மட்டும்தான் இருட்டு. எனக்கு ஒண்ணும் இல்ல... பாவம், அத்தைதான் ரொம்பப் பயப்படுறாங்க."